சீசன்ல காத்தாடிய நிறுத்தாதீங்க – மின்துறை பெரியவங்களுக்கு ஒரு மடல்

மரியாதைக்குரிய மின்துறை பெரியவங்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் பக்கம், கரண்ட் எடுக்கிற காத்தாடி (காத்தாலை) ஆபரேட்டரா இருக்கேன். ஆனி பொறந்து காத்து நல்லா பிடிச்சாச்சு, வருஷம் பூரா நாங்க பார்த்துக்கிட்டு இருக்கிறதே இதுக்குத்தான். போன வாரம் ராத்திரி மறுபடியும் அதே போன், "பேக்டவுன், மிஷினை நிறுத்து". ஏன்னு கேட்டா "மேல சொல்றாங்க". எவ்வளவு நேரம்னு கேட்டா அதுக்கும் அதே பதில்தான். கரண்ட் மிஞ்சுது, லைன் தாங்காதுன்னு காத்தாடிய நிறுத்தச் சொல்ற இந்த பேக்டவுன் கதைய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

நிறுத்துறவன் பாடு மட்டும் சொல்றேன். எல்லாம் பழைய 250 கிலோவாட் மிஷின், டவர் அடியில போய் பேனல்ல ஸ்டாப் அமுக்கணும், றெக்கை நுனி திரும்பி அப்படியே வேகம் குறைஞ்சு நிக்கும், ஆளைத் தள்ளுற காத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மிஷினா போய் அமுக்கிட்டு வந்து உக்காந்து வீட்டுக்கு போன் போட்டா அங்க கரண்ட் இல்ல, மாவு பாதி அரைஞ்சு கிரைண்டர்லயே கெடக்கு, நீங்க என்னத்த கரண்ட் தயாரிக்கிறீங்கன்னு வீட்டுல கேக்கிறா. என்ன பதில் சொல்ல? மேல சொல்றாங்கன்னு நானும் சொல்லிட்டேன்.

ஆனா மீட்டிங்னு வந்தா காத்தையும் வெயிலையும் நம்ப முடியாது, அணு உலைதான் எந்நேரமும் ஓடும்னு பேசுறீங்க. ஐயா, காத்து வருஷா வருஷம் சொன்ன மாசத்துக்கு கரெக்டா வருது, எப்ப வரும்னு தெரியாதது உங்க போன்தான். கூடங்குளம் எங்களுக்கு பக்கம்தான். 1988-ல ஒப்பந்தம் போட்டு முதல் யூனிட் கிரிட்ல, அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டு போற மின்கட்டமைப்புல சேர்ந்தது 2013-ல. அதுக்குள்ள இந்த ஆரல்வாய்மொழி கணவாய் முழுக்க காத்தாடி முளைச்சிருச்சு. உலை ஒண்ணு ட்ரிப் ஆகி திடீர்னு நின்னா ஒரே அடியா 1000 மெகாவாட் போகுது, எங்க மிஷின் ஒண்ணு நின்னா பக்கத்து தோட்டக்காரனுக்கே தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, தை மாசி ராத்திரில காத்தும் இல்லாம சோலாரும் இல்லாதப்ப கூடங்குளம் கை கொடுக்குது. அதை நினைச்ச நேரம் கூட்டி குறைக்க முடியாதுங்கிறதும் புரியுது. அப்ப குறைக்கணும்னா நிலக்கரி யூனிட்டை குறைங்க. கிரிட்டுக்கு ஆபத்துன்னா தவிர காசு கணக்கு பார்த்து காத்தாலையையும் சோலாரையும் நிறுத்தக்கூடாதுன்னு 2021-ல மத்திய அரசே ரூல் போட்டாச்சே. லைன் தாங்கலன்னா லைன் போடுங்க. ராத்திரி மிஞ்சுற கரண்ட்ல தண்ணிய மேல ஏத்தி வச்சு தேவைப்படும்போது இறக்குற 400 மெகாவாட் காடம்பாறை நீர்மின் நிலையம் 80-கள்லயே கட்டுனது, அதுக்கப்புறம் எத்தனை கட்டிட்டோம்? ஆனா கூடங்குளத்துல 3, 4, 5, 6-னு யூனிட் மட்டும் வரிசையா வருது, எரிஞ்சு முடிச்ச எரிபொருளையும் அதே வளாகத்துக்குள்ளதான் வைப்பீங்களாம், இதைப் பத்தி வாயைத் திறந்த பக்கத்து ஊர் இடிந்தகரை சனங்களுக்கு தேசத்துரோக கேஸ் கிடைச்சுது. கூரையில சோலார் போட்ட சின்ன கம்பெனிக்காரனுக்கு, உங்க லைனை பயன்படுத்துறான்னு நெட்வொர்க் சார்ஜ் போட்டீங்க. நல்ல மரியாதைதான் போங்க.

கோவத்துல நீட்டிட்டேன், மன்னிக்கணும். கேக்கிறது ஒண்ணுதான். வைகாசிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் காத்தாடிய நிறுத்தாதீங்க. நிறுத்தியே ஆகணும்னா எந்த சப்ஸ்டேஷன், எத்தனை மெகாவாட், எத்தனை மணி நேரம், என்ன காரணம்னு அன்னன்னிக்கே வெப்சைட்ல எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்க. தயவு செஞ்சு இந்த ஆடி முடியுறதுக்குள்ள ஆரம்பிச்சிருங்க.

இப்படிக்கு,
முப்பந்தல் காத்தாடி ஆபரேட்டர் ஒருத்தன்