கட்டட ஒப்பந்ததாரர்களுக்கு, கட்டிங் மெஷின் பழுது பார்ப்பவனின் மடல்

காண்ட்ராக்டர்களுக்கும் சைட் எஞ்சினியர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம். குழாய்க்கும் வயருக்கும் சுவரில் காடி எடுக்கும் கிரைண்டர், டைல்ஸ் அறுக்கும் மார்பிள் கட்டர், கான்கிரீட் வெட்டும் பெரிய மெஷின் என உங்கள் சைட்டுகளிலிருந்து வருவதைப் பிரித்துச் சரி செய்வதுதான் என் பிழைப்பு. ஒரு மெஷினை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பது திறந்தவுடன் தெரிந்துவிடும். நான் பார்க்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஓட்டிய ஆளின் முடிவல்ல, உங்கள் முடிவு. அதனால் மடலும் உங்களுக்குத்தான்.

முதலில் கார்டு, அதாவது பிளேடை மூடிக் காக்கும் உறை. அநேகமாக எந்த மெஷினிலும் அது இருப்பதில்லை. கேட்டால் "ஆழமா வெட்ட இடைஞ்சல்" என்கிறார்கள். ஆழம் போதவில்லை என்றால் பெரிய மெஷின் வேண்டும் என்றுதான் அர்த்தம். அதைத் தராததால் நாலு அங்குல கிரைண்டரில் வாஷர் வைத்து ஏழு அங்குல பிளேடைப் பூட்டுகிறார்கள். கார்டைக் கழற்றாமல் அது உள்ளே போகாது. அந்த பிளேடின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். உச்ச வேகம் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்பதுபோல் அச்சிட்டிருக்கும். சின்ன கிரைண்டரோ சும்மா ஓடும்போது 11,000 சுற்றைத் தொடும். கணக்குப் போட்டால் பிளேடின் விளிம்பு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் பறக்கிறது. அது தாங்கும் எல்லை 80 மீட்டர். தெறிக்கும் துண்டைத் தடுக்க வேண்டிய கார்டு எந்தச் சாக்குக்குள் கிடக்கிறதோ! மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவதைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை.

சுவிட்ச் தானாக அணையாதபடி டேப் சுற்றிய மெஷின்களும் வருகின்றன. கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்காமல் அப்படியே தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கரண்ட் திரும்பும்போது பக்கத்தில் யார் நின்றாலும் மெஷினுக்கு ஒன்றுதான். அப்புறம் செங்கல்லைக் காலால் மிதித்துக்கொண்டு, பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் ஒற்றைக் கையால் அறுப்பது. வெட்டுக்குள் பிளேடு சற்றே கோணினாலும் கல் இறுக்கிப் பிடிக்கும். மெஷின் ஆள் பக்கம் துள்ளும். அந்த வேகத்தில் கையை இழுக்க நேரமே இருக்காது.

இதெல்லாம் அன்றைக்கே ரத்தம் காட்டும் விபத்துகள். தூசி அப்படியல்ல, பல வருடம் கழித்துத்தான் காட்டும். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரைக் கழற்றும்போது மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் கொட்டும். பேரிங்குக்குள்ளும் கார்பன் பிரஷ்ஷின் கூட்டுக்குள்ளும் அதுவே அடைத்திருக்கும். மணலிலும் கான்கிரீட்டிலும் கிரானைட்டிலும் உள்ள குவார்ட்ஸ் என்ற சிலிகா கனிமம், அறுக்கும்போது பொடியாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் சீக்கிரம் கீழே படிந்துவிடும். கெடுதல் செய்வது தெரியாத தூள்தான். அறைக்காற்றில் நெடுநேரம் மிதந்து நுரையீரலின் அடி வரை இறங்குகிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே இந்தத் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவின் 2016 விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூள் இருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு காடி எடுக்கும் அறையில் எதிரே நிற்பவரின் முகமே தெரிவதில்லை.

முகத்தில் துண்டைக் கட்டினால் போதும் என்று சொல்லாதீர்கள். துணி மூக்கைத் தூசியாக்காமல் வைக்கும், அவ்வளவுதான். குறைந்தது என்95 முகக்கவசம் வேண்டும், அதுவும் கன்னத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் இடுக்கு வழியாகத் தூள் உள்ளே போகும். ஆனால் கவசம் கடைசிக் காவல்தான். தூள் கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

சரி, தண்ணீர் ஊற்றி வெட்டினால் ஆயிற்று என்பீர்கள். உண்மைதான், ஆனால் தண்ணீர்க் குழாய் வைத்தே செய்த மெஷினில். சாதாரண கிரைண்டரின் மேல் சித்தாள் குவளையால் ஊற்றிக்கொண்டே இருந்தால் காற்றுத் துளை வழியாக மோட்டாருக்குள் தண்ணீர் போகும். உள்ளே சேறு அப்பிய மெஷின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஓட்டிய ஆளுக்கு ஷாக் அடிக்காதது அவர் அதிர்ஷ்டம். ஈர வேலைக்குப் போகும் லைனில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். சுவரில் காடி எடுக்க, பிளேடை மூடிய உறையோடு தூசி உறிஞ்சும் வாக்குவம் பொருத்தும் மெஷின்கள் இருக்கின்றன. வெட்டுமுன் உள்ளே வயர் ஓடுகிறதா என்று பார்த்து, அந்த லைனை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க விடாதீர்கள், அடங்கிய தூள் மறுபடி கிளம்பும். சட்டையில் கம்ப்ரசர் காற்றடித்துத் தட்டுவதும் அதே கதைதான்.

இவை எல்லாம் கொத்தனாருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பிய பிறகு, குழாய் இழுத்து வாக்குவம் மாட்டும் நேரம் அவருடைய கூலியிலிருந்துதான் போகிறது. அவர் ஏன் மாட்டுவார்? ஆகவே அடுத்த கொட்டேஷனிலேயே சரியான மெஷின், வாக்குவம், முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் இவற்றின் செலவைத் தனியாக எழுதுங்கள். தயாராவதற்கான நேரத்தையும் கூலியில் சேருங்கள். வீட்டுக்காரர் "இது எதுக்கு?" என்று கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், மெஷின் பிடிக்கும் ஆள் அல்ல.