காண்டசாவின் மைலேஜ் எந்தக் கட்டங்களில் இருக்கிறது

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதம் கிடைத்தது. காண்டசா காரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த 1817 சி.சி. இசுசு இன்ஜினை மெகாஸ்க்விர்ட் என்ற எரிபொருள் இன்ஜெக்ஷன் கணினியில் ஓடவைத்துவிட்டாய் என்று படித்ததும் பெருமையாக இருந்தது. வண்டி நன்றாக இழுக்கிறது, மைலேஜ்தான் வரவில்லை, ஆகவே எரிபொருள் டேபிள் (எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு எரிபொருள் என்று சொல்லும் கட்டங்களின் அட்டவணை) முழுவதையும் ஒரே சீராகக் குறைத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே.

அவிநாசியைத் தாண்டிப் பெருந்துறை நோக்கிச் சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது கணினி எடுத்த பதிவைத் திறந்து பார். 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை, இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தம் 40 முதல் 60 கிலோபாஸ்கல் வரை உள்ள சில கட்டங்களிலேயே இன்ஜின் பெரும்பாலான நேரம் நிற்பதைக் காண்பாய். நெடுஞ்சாலை மைலேஜைத் தீர்மானிப்பவை அவைதான். லாம்டா என்பது காற்று-எரிபொருள் கலவையின் அளவு: 1 என்றால் சரியான கலவை, அதற்குக் குறைந்தால் எரிபொருள் அதிகம், கூடினால் கலவை மெலிந்தது. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போதுள்ள கட்டங்களில் லாம்டா 0.87 அளவில் இருப்பது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் பாதுகாப்பு. அங்கே மிச்சம் பிடிக்க நினைப்பது இன்ஜினைப் பணயம் வைப்பதாகும்.

அந்த நெடுஞ்சாலைக் கட்டங்களைத் தொடுவதற்கு முன், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு மின்சாரம் போய் அது திறக்கும்வரை வீணாகும் நேரத்தைச் சரியாகக் கொடுத்திருக்கிறாயா என்று பார். பெரும்பாலான இன்ஜெக்டர்களில் அது ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் கூடும். குறைந்த சுமையில் மொத்தத் திறப்பே சில மில்லிசெகண்ட்தான் என்பதால், இதில் பிழை இருந்தால், ஹெட்லைட்டைப் போட்டதுமே உன் கலவை மாறிவிடும்.

அதன் பிறகு, அந்தக் கட்டங்களில் மட்டும் லாம்டாவை 1.05 வரை மெல்ல உயர்த்து. கலவை மெலிந்தால் அது எரிய அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பிளக்கில் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் கூடவே முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸ் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். எரிபொருளைக் குறைத்துவிட்டு டைமிங்கை அப்படியே விட்டவர்கள்தான் மைலேஜ் கூடவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். காற்றில்லாத அதிகாலையில், சமமான சாலையில், டாப் கியரில் ஒரே வேகத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை அருகில் இருப்பவரைக் கவனிக்கச் சொல். டைமிங்கை இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டும்போது, அதே வேகத்துக்கு அந்த நேரம் குறைந்துகொண்டே வரும்; ஒரு கட்டத்தில் குறைவது நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்திக்கொள். அதற்குமேல் கூட்டினால், மேலேறும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளி, உழைப்பு வீணாகும். சாலையின் இரு திசையிலும் ஓட்டிப் பார்த்தால்தான் சரிவின் பிழை நீங்கும்.

லாம்டா 1.1ஐத் தாண்டினால் வண்டி லேசாக உதறலாம். அப்போது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 1.2 என்று காட்டினால், கலவை உண்மையிலேயே அவ்வளவு மெலிந்துவிட்டதாக எண்ணாதே. ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாமல் போன கலவையின் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். மெலிந்த கலவையில் நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடுவதும் என்னை உறுத்துகிறது. உன் வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்திருந்தால், லாம்டா 1ஐ விட்டு விலகாதே என்றுதான் எழுதியிருப்பேன். இப்போதும் 1.05ஐத் தாண்ட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

காற்று-எரிபொருள் விகிதத்தைச் சுத்தப் பெட்ரோலுக்குரிய 14.7 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடாமல் லாம்டாவிலேயே பார். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த விகிதம் ஏறத்தாழ 13.5, எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் ஓரளவு குறையவே செய்யும், அதை டியூனிங்கின் தவறாக எடுத்துக்கொள்ளாதே. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடு, இன்ஜெக்ஷனின் அழுத்தத்தில் அவை கசிந்தால் தீ ஆபத்து.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் எரிபொருளை அடியோடு நிறுத்தும் வசதியை 1500 ஆர்.பி.எம்.முக்கு மேல் இயங்கும்படி வைத்துக்கொள். நகரத்துக்குள்ளும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவிட்டு இறங்கும்போதும் நல்ல பலன் தரும்.

மைலேஜை ஒரே பங்கில், ஒரே பம்பில், டேங்கை நிரப்பி நிரப்பி அளந்து பார். இப்போதுள்ள டேபிளையும் நெடுஞ்சாலைப் பதிவையும் எனக்கு அனுப்பு. டைமிங் எண்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்