மேட்டில் வெட்டிய குளம்: துணைவேந்தருக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன ஆண்டு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். களப்பணியைக் குறைக்கப் பேருந்துச் செலவு, காப்பீடு, கால அட்டவணை என்று பாடத்திட்டக் கூட்டத்தில் பேசப்பட்டதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் முன்கதைக்குள் போகவில்லை. நில வடிவமைப்பும் நகரத் திட்டமிடலும் கற்பிக்கும் எங்கள் துறையில் வாரம் ஆறு மணி நேரமாக இருந்த களப்பணி, அந்தச் சுற்றறிக்கையால் பருவத்துக்கு ஒரு நாள் ‘விருப்பக் களப்பயணம்’ ஆனது. மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஒரு காலத்தில் மாணவர்களாக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறையிலிருந்து மூன்று மனுக்கள் கொடுத்தோம். மூன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வந்தது. போன வாரம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு நான்காவது மனு எழுத மனம் வரவில்லை. எல்லோரும் படிக்கட்டும் என்று இப்படி எழுதுகிறேன்.

போன வாரம் இறுதியாண்டு மாணவர்களின் வரைபட மதிப்பீடு. கெட்டிக்கார மாணவி ஒருத்தி, ஒரு புறநகர்க் குடியிருப்புக்கான பூங்காவை வடிவமைத்திருந்தாள். நடுவில் ஒரு குளம். கணினியில் அவள் உருவாக்கியிருந்த படத்தைப் பார்த்தால் அங்கேயே குடியேறிவிடத் தோன்றும். மாலை வெயில், தண்ணீரில் மரங்களின் நிழல், மேலே பறவைக் கூட்டம். (இந்தப் படங்களில் மட்டும் மரங்கள் இலை உதிர்ப்பதே இல்லை.) வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பல ஆண்டுகள் களத்தில் வேலை பார்த்தவர். படத்தைப் பாராட்டிவிட்டு, “சரிம்மா, இந்தக் குளத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?” என்று கேட்டார்.

அவள் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், வரைந்த தாளைக் காட்டினாள். கோடுகள் வரிசையாக வளைந்து வரும் இடத்தில் விரலை வைத்து, “இந்தப் பள்ளம் வழியா, சார்” என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல், அந்தக் கோடுகளின் மேல் இருந்த உயர எண்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கோடுகளின் வளைவு முனை உயரமான பக்கத்தைப் பார்த்திருந்தால் அது தண்ணீர் ஓடும் பள்ளம். தாழ்ந்த பக்கத்தைப் பார்த்திருந்தால் அது முகடு. இவள் காட்டிய இடத்தில் முனைகள் எல்லாம் தாழ்ந்த பக்கத்தையே பார்த்தன. இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தோடும் முகட்டின் மேல் அவள் குளம் வெட்டியிருந்தாள்.

அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “மேடம், நான் அந்த இடத்துக்குப் போனதே இல்ல” என்றாள்.

அந்த இடம் நம் வளாகத்திலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். ஒரு முறை அங்கே நடந்திருந்தால் போதும், அது மேடு என்று கெண்டைக்காலே அவளுக்குச் சொல்லியிருக்கும். அன்று அவளுக்குக் குறைத்துப் போட்ட மதிப்பெண்ணில் பாதி நம் கணக்கில் வர வேண்டியது. அந்தப் பாதி என்னையும் சேர்த்துத்தான்.

‘செயற்கைக்கோள் தரவுகள் தாராளமாகக் கிடைக்கும் இக்காலத்தில்’ என்று சுற்றறிக்கை தொடங்குகிறது. தாராளமாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் என்ன கிடைக்கிறது என்று யாராவது திறந்து பார்த்தீர்களா? மாணவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளும் உலகளாவிய உயரத் தரவுகளில் பெரும்பாலானவை சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் தருபவை. 100 மீட்டர் நீளமுள்ள ஒரு மனையில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு புள்ளிகள் விழும். உயரத்தில் சில மீட்டர் பிழை சர்வசாதாரணம். அடர்ந்த மரங்களும் கட்டடக் கூரைகளும் இருக்கும் இடத்தில் அவற்றின் உயரமும் தரையோடு கலந்து பதிவாகும். ஒரு பெரிய ஆற்றுப் படுகையை ஆராய இது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பூங்காவில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அரை அடி உயர வித்தியாசம் முடிவு செய்துவிடும். அந்த அரை அடி அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் எங்கோ காணாமல் போயிருக்கும்.

களப்பணியில் அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி. முதல் வாரம் மண். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி பிதுக்கச் சொல்வோம். 5 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீண்டால் களிமண். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். பிறகு ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார்கள். சில குழிகளில் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும், சிலவற்றில் மாலை வரை அப்படியே நிற்கும். ஒரே மனையில் இருபது அடி தள்ளித் தோண்டினாலும் விடை மாறும். அந்தக் குழியருகில் வெயிலில் குந்தியிருந்தவன் வரைபடத்தில் எல்லா இடத்திலும் ஒரே பச்சை நிறத்தைக் கொட்ட மாட்டான். அப்புறம் டியூப் லெவல். கொத்தனார்கள் கையாளும் அதே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இருவர் இரு முனையில் நின்றால், கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த தரை எவ்வளவு சரிகிறது என்று தெரிந்துவிடும். நகரத் திட்டமிடல் மாணவர்கள் ஒரு சந்திப்பில் நாள் முழுக்க உட்கார்ந்து, யார் எங்கே சாலையைக் கடக்கிறார்கள், எங்கே ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். வண்டிகளை எண்ண கேமரா போதும். சக்கர நாற்காலியில் வந்தவர் ஏன் திரும்பிப் போனார் என்பதைக் கேமரா கேட்டுச் சொல்லாது.

இது எங்கள் துறையின் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் படிப்பே அப்படித்தான் பிறந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவரான பேட்ரிக் கெடிஸ் தன் கண்காணிப்புக் கோபுரத்துக்கு வருகிறவர்களை முதலில் உச்சிக்கு ஏற்றி நகரத்தைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் கீழே உள்ள காட்சிக்கூடங்களுக்கு அழைத்து வருவார். முதலில் கள ஆய்வு, அதன் பிறகே திட்டம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 1858-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவுக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற இருவரில் ஒருவரான ஓல்ம்ஸ்டெட், அதற்கு முந்தைய ஆண்டே அந்த நிலத்தின் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்து, பாறையும் சேறுமாகக் கிடந்த அந்த இடத்தில் தினமும் அலைந்தவர். ஒரே இடத்தின் பல வரைபடங்களை அடுக்கிக் காட்டும், நீங்கள் கொண்டாடும் அடுக்குவரைபட மென்பொருள்களுக்கு முன்னோடிகளில் ஒருவர் நில வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க். 1960-களில் அவர் பாறை, மண், நீர், தாவரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தாள்களை அடுக்கும் வேலையை இன்று கணினி நொடியில் செய்துவிடுகிறது, சரி. மண் தாளில் என்ன நிறம் தீட்டுவது என்பதற்கு இன்றும் யாராவது போய்க் குழி தோண்ட வேண்டும்.

ஆகவே கேட்கிறேன்: வாரம் ஆறு மணி நேரக் களப்பணியை மதிப்பெண்ணோடு திரும்பக் கொடுங்கள்.

செலவு என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டில்தான் எங்கள் துறைக் கட்டடத்துக்குப் பின்னால் மாணவர்கள் வளர்த்த நாற்றங்காலை அழித்து, 4,000 சதுர மீட்டரில் தார் போட்ட வாகன நிறுத்துமிடம் வந்தது. அதற்கு மட்டும் பணம் இருந்தது. நில வடிவமைப்பும் நகரத் திட்டமிடலும் கற்பிக்கும் ஒரு துறை பத்தடி தூரத்தில் இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இரண்டாமாண்டு மாணவனே கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பான். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழும் தண்ணீர் 2 லட்சம் லிட்டர். தாரின் மேல் அதில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும். அது ஓடிவரும் இடம் மாணவர்கள் வரைந்து பழகும் எங்கள் ஸ்டூடியோவின் வாசல். கணக்கை யாரும் போடாததால் மழை போட்டுக் காட்டியது. இப்போது மழை நாட்களில் வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கால் வைத்துத் தாண்டித்தான் ‘மழைநீர் மேலாண்மை’ வகுப்புக்குப் போகிறோம். ஒரு வகையில் இதைக் களப்பணி என்றே கணக்கில் காட்டலாம், பேருந்துச் செலவுகூட இல்லை. நிறுத்துமிடத்தில் ‘பசுமைக்காக’ விட்டுவைத்த நான்கு மரங்களுக்கும் அடிமரம் வரை கான்கிரீட் பூசியிருக்கிறார்கள். மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள், கிளைப் பரப்பையும் தாண்டிப் படர்ந்திருக்கும் என்பது எங்கள் முதல் பருவப் பாடம்.

மன்னிக்க வேண்டும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வாகன நிறுத்துமிடத்தைத் தோண்டியெடுக்கச் சொல்லவில்லை. தார் அங்கேயே இருக்கட்டும், உங்கள் வண்டிகளும் நிற்கட்டும்.

நான் கேட்பது களப்பணி நேரம் மட்டும்தான். வாரம் ஆறு மணி நேரம் முடியாது என்றால் ஒரு முழு நாளாகச் சேர்த்துக் கொடுங்கள், கால அட்டவணைச் சிக்கல் தீரும். ஒவ்வொரு வாரமும் பேருந்து முடியாது என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கொடுங்கள். நடுவில் வரும் வாரங்களில் வளாகத்துக்குள்ளேயே அளக்கிறோம், அளக்க இடமா இல்லை? காப்பீட்டுக்கான படிவங்களை நிரப்புவது முதல் கையெழுத்து வாங்குவது வரை துறையே பார்த்துக்கொள்ளும். மதிப்பெண் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. அதை விருப்பப் பாடத்திலிருந்து கட்டாயப் பாடத்துக்கு மாற்ற ஒரு தீர்மானம் போதும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு என்னை அழைத்தால், அந்த மாணவியின் அனுமதியோடு அவள் வரைந்த தாளையும் கொண்டு வருகிறேன். அவள் இப்போது தன் செலவில் அந்த இடத்துக்குப் போய்வந்து, குளத்தைக் கீழே இறக்கி மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
நில வடிவமைப்பு மற்றும் நகரத் திட்டமிடல் துறை ஆசிரியர் ஒருவர்