சின்ன வீட்டுக்குச் சின்ன நாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த நாய் வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். அடுக்குமாடி என்றால் பீகிள், தோட்டத்தோடு தனி வீடு என்றால் லாப்ரடார் என்று இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். நான் இரண்டையும் வளர்த்தவள். லாப்ரடார் 11 வருடம் எங்களோடு இருந்தது, அது போன பிறகு வந்த பீகிள் இதை எழுதும்போது காலடியில்தான் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் வீடு அதே மூன்றாவது மாடி ஃபிளாட்தான். கட்டுரையில் சொன்னதைத் தலைகீழாகப் போட்டால் எங்கள் வீட்டுக் கதை வரும்.

உருவத்தைப் பார்த்துத்தான் நாங்களும் ஏமாந்தோம். பீகிளின் தோள் உயரம் 33 முதல் 41 செ.மீ., எடை பத்துப் பன்னிரண்டு கிலோ, சோபாவின் ஒரு மூலையில் அடங்கிவிடும். லாப்ரடாரோ 25 கிலோவில் ஆரம்பித்து 36 வரை போகும். ஆனால் பீகிளை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவாக்கவில்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிட்ட நாய் அது. நாய்கள் மோப்பம் பிடித்து முன்னால் ஓடிவிடும், ஆட்கள் பின்னால் நடந்து வருவார்கள், புதருக்குள் எந்தப் பக்கம் போயின என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் வெகு தூரத்திலிருந்தே கேட்கிற குரல் அவற்றுக்கு வேண்டியிருந்தது. அந்தக் குரல் ஃபிளாட்டுக்குள் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். குரைப்புக்கும் ஊளைக்கும் நடுவில், இழுத்து இழுத்து ஒரு சத்தம். வந்த முதல் மாதமே எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க நாயை யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டார். அடிக்க அங்கே யாருமே இல்லை, அதுதான் பிரச்சினையே. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அது தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறது. கூட்டத்தோடு வாழ்ந்த இனம், காலி வீட்டை அதனால் தாங்க முடியவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பி வந்து பழக்கவே பல மாதம் ஆயிற்று. இன்றைக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டால் மாமனார் வந்து உட்கார்ந்தாக வேண்டும்.

அப்புறம் அந்த மூக்கு. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க 1984 முதல் பீகிள்களை வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை மோப்பம் பிடிக்கிற நாய்க்கு என் கைப்பை ஜிப் ஒரு பொருட்டா? நடைக்குக் கூட்டிப்போனால் ஒரு தெருவைத் தாண்ட அரை மணி நேரம் ஆகும், ஒவ்வொரு அடிக்கும் ஏதோ ஒரு வாசனை. மூக்கு தரையில் இருக்கும்போது காது வேலை செய்யாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. திமிர் என்று நினைத்து ஆரம்பத்தில் கோபப்பட்டேன், பாவம், மனிதனைத் திரும்பிப் பார்க்காமல் வாசனையின் பின்னால் போவதுதான் அதற்குக் கொடுத்த வேலையே. திறந்த இடத்தில் கயிற்றை அவிழ்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

லாப்ரடார் இதற்கு நேர் எதிர். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய் வழியில் வந்து, சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்கென்று பிரிட்டனில் உருவான இனம். மனிதன் முகத்தைப் பார்த்து வேலை செய்வது அதன் பிழைப்பு. காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டால் போதும், ஃபிளாட்டில் எங்கள் நாய் இருப்பதே தெரியாது, மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருக்கும். அதற்காக லாப்ரடார் சுலபம் என்று சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் ரவுடி, கவ்வாத செருப்பு கிடையாது, வாலை ஆட்டினால் மேசை காலி. முடி வருடம் முழுக்கக் கொட்டும். ஒருமுறை எதிரே பூனையைப் பார்த்து இழுத்ததில் என் அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கயிற்றைப் பிடிக்கப்போவது யார் என்று நாங்கள் முன்கூட்டியே யோசிக்கவில்லை, நாயைக் குறைசொல்லிப் பயனில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. லாப்ரடார் தட்டு காலியான மறு நிமிடமே பட்டினி கிடந்த மாதிரி பார்க்கும், நாமும் இரங்கிவிடுவோம். நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்காத மாதிரி ஒரு மரபணு மாற்றம் இருப்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். இது தெரியாமல் நாங்கள் பாசத்தைத் தட்டில் காட்டினோம். எடை 38-க்குப் போய் இடுப்பு மூட்டு கெட்டுப்போனது. கடைசி வருடம் லிஃப்ட் நின்ற நாட்களில், வயிற்றுக்குக் கீழே போர்வையைக் கொடுத்து நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் சொன்ன எடைக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு கிலோவை ஒரு கையில் தூக்கிவிடலாம்.

எல்லா பீகிளும் இப்படி, எல்லா லாப்ரடாரும் அப்படி என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்று 2022-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் ஊளையிடுவது போன்ற சில பழக்கங்களில் இனத்தின் பங்கு தெரியத்தான் செய்கிறது என்றும் அதிலேயே இருக்கிறது. எங்கள் எதிர் வீட்டுக்காரர் ஆய்வு இல்லாமலே இதைச் சொல்வார்.

என்னைக் கேட்டால், வீட்டில் பகல் முழுக்க யாராவது இருக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை, கதவைச் சாத்த மறக்காத குடும்பம் என்றால் பீகிளைத் தாராளமாகக் கொண்டுவரலாம், அதைப்போலச் சிரிக்கவைக்கும் நாய் வேறு இல்லை. தெம்பான கை ஒன்றும் தினமும் ஒன்றரை மணி நேர நடையும் உண்டு என்றால் ஃபிளாட்டிலேயே லாப்ரடார் வளர்க்கலாம். இரண்டு பேரும் காலையில் போய் இரவில் வருகிறவர்கள் இரண்டு இனத்திலும் குட்டி வாங்க வேண்டாம்.

கட்டுரைக்குக் கீழே ஒரு பெட்டியில் "வேலைக்குப் போகும் தம்பதிக்கு ஏற்றது: பீகிள்" என்று போட்டிருந்தீர்கள். மற்றதெல்லாம் அவரவர் கருத்து, விட்டுவிடலாம். அந்தப் பெட்டியைத்தான் பலரும் கத்தரித்து வைத்திருப்பார்கள், அதற்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி வாசகி