நீல சுபாருவும் மீன்தொட்டி வால்வும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் முன்பு வைத்திருந்த ரகத்திலேயே நீ அங்கே வாங்கிய சுபாருவின் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். எவ்வளவு அழகான நீலம் என்றாள் அம்மா. முன் டயர் உள்பக்கமாகத் தேய்ந்திருப்பதுதான் என் கண்ணில் பட்டது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். படத்துக்குக் கீழே "எனக்காக நீங்க வித்த காரை நான் திரும்ப வாங்கிட்டேன்ப்பா" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து தொண்டையில் மீன்முள் மாட்டிய மாதிரி இருக்கிறது. போனில் சொல்ல வராது என்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்தக் காரை நான் உனக்காக விற்கவில்லை.

1998இல் நானும் சித்தப்பாவும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கிய வண்டி அது. 1994 சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், சிவப்பு நம்பர் பிளேட். சிவப்பு பிளேட் என்றால் வார நாளில் இரவு 7 மணிக்கு மேல்தான் வெளியே எடுக்கலாம். அதனால்தான் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தது. பகலெல்லாம் சின் மிங் பட்டறையில் மற்றவர்கள் கார்களுக்கு அடியில் கிடப்பேன். இரவு ஏழரைக்கு ஈசூனில் புளோக்குக்குக் கீழே அந்த எஞ்சினைக் கிளப்பினால் 'தப தப தப' என்று தாளம் தப்பிய தவில் போல ஒரு சத்தம் வரும். உன் வண்டியிலும் கேட்டிருப்பாய். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கின்றன, அவற்றிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. புகை சம இடைவெளியில் வந்து சேராததால்தான் அந்தத் தாளம். வண்டியில் மாட்டப்போவதாக நீ அனுப்பிய பட்டியலில் மூன்றாவதாகச் சமநீளக் குழாய் என்று போட்டிருக்கிறாய். அதை மாட்டினால் அந்தச் சத்தம் போய்விடும். காசு கொடுத்து அதைத் தொலைக்காதே.

சரி, கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாளில் எனக்கு அந்த வேகம் போதவில்லை. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளலாம் என்பதை வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு பார்த்துக்கொள்ளும். அதற்கு அழுத்தத்தைச் சொல்வது ஒரு சின்ன ரப்பர் குழாய். அந்தக் குழாயில் கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால் வேஸ்ட்கேட் ஏமாந்துபோய்த் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற அழுத்தம், ஏறும். இதற்கென்று ஜப்பானிலிருந்து வருகிற கருவிகள் நூற்றுக்கணக்கான வெள்ளி. நான் செராங்கூன் நார்த்தில் ஒரு மீன்கடையில், தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் மாட்டுகிற குட்டி வால்வு ஒன்றை வாங்கினேன். சிரிக்காதே, அந்தக் காலத்தில் பலபேர் செய்த வேலைதான். பூஸ்ட் அளவு மீறினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். அதை ஏமாற்றவும் ஒரு பெட்டி கிடைத்தது. அதையும் மாட்டினேன். காவல்காரனுக்குத் தூக்கமாத்திரை கொடுத்துவிட்டு வீட்டைத் திறந்துபோட்டவன் மாதிரி சில வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன்.

1999 தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். நானும் சித்தப்பாவும் மலாக்கா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். போகும்போது முக்கால் டாங்க் நிரப்பினால்தான் உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டவிடுவார்கள் என்பதால் இங்கே 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டிருந்தோம். திரும்பும்போது அங்கே 97 போட்டோம். பட்டப்பகல் வெயில், ஏசி, பின்னால் நிறையச் சாமான், ஐந்தாவது கியர், கால் முழுக்க அழுத்தியிருக்கிறது. யோங் பெங் தாண்டியதும் தகரடப்பாவில் கடலையைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்திருக்க வேண்டும். முன்னால் போன பென்ஸை முந்திவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். முந்தவும் செய்தேன். கண்ணாடியில் பார்த்தால் அந்த பென்ஸே தெரியவில்லை, அவ்வளவு நீலப்புகை.

பிரித்துப் பார்த்தபோது நாலாவது பிஸ்டனில், ரிங் உட்காரும் வரப்பு உடைந்து கிடந்தது. வயலில் வரப்பு உடைந்தால் தண்ணீர் நிற்காது, இங்கே அழுத்தம் நிற்காது. காற்றை மட்டும் கூட்டிவிட்டு அதற்கு ஏற்ற பெட்ரோலைக் கூட்டாமல் விட்டதால் வந்த வினை. கலவை வறண்டு சூடு ஏறும்போது, பொறியிலிருந்து பரவுகிற தீ வந்து சேருவதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அந்தக் கடலைச் சத்தம் அதுதான், உள்ளே சுத்தியல் அடி. பெட்ரோல் ஒரு எண் குறைந்ததும் சேர்ந்துகொண்டது, ஆனால் அது கடைசித் துரும்பு. நான் பல வருடம் எல்லாரிடமும் மலேசியப் பெட்ரோலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் சித்தப்பா பேச்சை மாற்றிவிடுவான். நான் வால்வைத் திருகிய இரவு டார்ச் பிடித்தவன் அவன்.

எஞ்சின் வாங்கப் பணமில்லை. வண்டியை அப்படியே, ஓடாத உடம்பாக, வந்த விலைக்குக் கொடுத்தோம்.

இனி உன் பட்டியல். ஆறு சாமான் எழுதியிருக்கிறாய், அதில் பிரேக் என்ற சொல்லே இல்லை. நீ என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

முதலில் போட்டிருக்கும் அந்தக் காற்று இழுக்கும் குழாய். விலை குறைவு, நீயே மாட்டிவிடலாம், சத்தமும் நன்றாக இருக்கும். ஆபத்தும் அதில்தான். உன் வண்டியில் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. விட்டம் கூடினால் வருகிற காற்றைக் குறைவாக எண்ணிப் பெட்ரோலையும் குறைவாகக் கொடுத்துவிடும். மீன்தொட்டி வால்வு இல்லாமலே நான் போன இடத்துக்குப் போய்ச்சேருவாய். மாட்டினால் அன்றைக்கே, கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தி டியூன் செய்பவரிடம் கொண்டுபோ. அதுவரை வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த ஸ்டாக் காற்றுப்பெட்டி இருக்கட்டும், அது ஒன்றும் மோசமில்லை.

'ப்ஷ்ஷ்' என்று காற்றை வெளியே விடும் வால்வு வேண்டாம். அது வெளியே துப்புவது சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்று. காற்று போய்விட்டது, அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வரும். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் வண்டி ஒரு நொடி விக்கும். எங்கள் பட்டறைக்கு வருகிற பையன்கள் அந்தச் சத்தத்துக்காகவே மாட்டுகிறார்கள். வயசு அப்படி. உனக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது.

உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் செட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். டயர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது என்றேனே, அதற்குக் காரணம் தெரியாமல் வண்டியை இறக்காதே. கண்ட்ரோல் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம், பால் ஜாயிண்ட் ஆடலாம், வீல் அலைன்மெண்ட் மட்டும்கூடப் போயிருக்கலாம். பழைய ரப்பர் மேல் புது ஸ்பிரிங் போடுவது இத்துப்போன கூரையில் புது ஓடு வேய்கிற மாதிரி. இங்கே ஒருவர் சிவிக் டைப் ஆர் வைத்திருக்கிறார். தரையோடு தரையாக இறக்கிவிட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு ஏற்றத்திலும் முன் பம்பரைத் தேய்த்துக்கொண்டே போகிறார். மூன்றாவது பம்பர் போட்டாயிற்று.

பட்டியலில் இல்லாததுதான் முக்கியம். 160,000 கி.மீ. ஓடிய வண்டி. டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பில் இருக்கிறதா? பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். மாற்றும்போது டென்ஷனர், உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடு. பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், பாதி எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய பம்பை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. ஆயில் இறக்கும்போது ஆயில் தொட்டியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையும் பார்க்கச் சொல். அந்த எஞ்சின்களில் அது பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும் பழக்கம் உண்டு. விரிசல் விட்டால் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், அப்புறம் பேரிங் போய்விடும். டர்போவுக்கு ஆயில் போகிற போல்ட்டுக்குள் ஒரு சின்னச் சல்லடை இருக்கும், அது அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். இதையெல்லாம் மாட்டினால் யாருக்கும் படம் எடுத்துக் காட்ட முடியாது, தெரியும். ஆனால் உன் 2.5 லிட்டர் எஞ்சினிலும் அந்தப் பிஸ்டன் வரப்பு பலவீனமானதுதான், சொல்லிவிட்டேன்.

ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்று, புத்தகத்தில் அதிகமாகப் போட்டிருந்தாலும். பிரேக் ஆயிலைப் பார்த்தாலே தெரியும், தேநீர் நிறத்தில் இருந்தால் பழசு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் குமிழி கட்டி மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நான் இரண்டு வருடம்கூட விடுவதில்லை. நல்ல பேட், புது ஆயில், நல்ல டயர். முதல் செலவு இதுதான்.

அப்புறம் அந்த வீல். டிஇ37 பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றாயே, அது போலியாகத்தான் இருக்கும். அந்த 37 எங்கிருந்து வந்தது தெரியுமா? 15 அங்குல வீலின் எடை 3.7 கிலோ, அந்தக் கணக்குதான் பெயரானது. உன் 17 அங்குலம் அதைவிடக் கனமாகத்தான் இருக்கும், இருந்தாலும் உன் ஸ்டாக் வீலைவிட இலேசாக இருக்க வேண்டாமா? வாங்குவதற்கு முன் இரண்டையும் குளியலறைத் தராசில் வைத்துப் பார். போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உனக்கு அங்கே ஒரு கொடுப்பினை இருக்கிறது, அதை வீணாக்காதே. இங்கே சிங்கப்பூரில் ஒரு கார் பத்து வருடம்தான் உயிரோடு இருக்கும், அதற்குமேல் வைத்திருக்க மறுபடி சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், கட்டவேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவில் அது 150,001 வெள்ளிக்குப் போனது நினைவிருக்கிறதா? கார் இல்லை, வெறும் சான்றிதழ். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. பத்து வயது தாண்டியதும் சாலை வரியில் 10 விழுக்காடு கூடும், வருடாவருடம் ஏறி 50 வரை போகும். வருடம் ஒருமுறை பரிசோதனை வேறு. அதற்கு முந்தின வாரம் எங்கள் பட்டறையைப் பார்க்க வேண்டுமே, ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஸ்டாக் எக்ஸாஸ்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டர்போவை மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா நிறுத்திவைப்பதே இங்கே குற்றம், சாவியை எடுத்த பிறகும் டர்போ ஆறும்வரை எஞ்சினை ஓடவிடும் டர்போ டைமர் போட்டவர்கள் சாவியை எடுத்துவிட்டுத் திருடன் மாதிரி சுற்றிமுற்றிப் பார்ப்பார்கள். நீ அதையும் வாங்காதே. வீட்டுக்கு வருகிற கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி வந்தால் டர்போ தானே ஆறிவிடும்.

அங்கேயும் விதிக்கு ஒத்துவராத வண்டியில் போலீஸ் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்டாக் சாமானையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வை. ஒன்றையும் விற்காதே.

இன்னொன்று சொல்லவேண்டும். கார் போன அந்த வாரம் உன் தாத்தா வீட்டுக்கு வந்தார். என் பங்குப் பணம் வீட்டைச் சரிபண்ணச் சேர்த்துவைத்தது, அதை நான் காரில் போட்டது அவருக்குத் தெரியும். "கார் எங்கே மாப்பிள்ளை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்தே, "பிள்ளை வரப்போகுதுல்லப்பா, அவரே வேணாம்னு வித்துட்டாரு" என்றாள். தாத்தா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் அவள் அதை மாற்றிச் சொன்னதே இல்லை, உன்னிடமும். நானும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், இருபத்தைந்து வருடமாக. இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பென்ஸை முந்தினது எனக்கே தெரியாதே" என்றாள். இரண்டு நாளாக அதையே சொல்லிக்காட்டுகிறாள்.

டிசம்பரில் வரும்போது லீக்-டவுன் மீட்டரைக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றைச் செலுத்தி எங்கே சீறுகிறது என்று கேட்கலாம். ஆயில் ஊற்றுகிற வாய்வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட், எக்ஸாஸ்டில் வந்தால் வால்வு. நான்கும் நன்றாக இருந்தால் டியூன் செய்யும் ஆளிடம் நானும் உன்கூட வருகிறேன். எதிலாவது சீறினால் எஞ்சினை இறக்குவோம், எனக்கு லீவு மூன்று வாரம் இருக்கிறது. 10, 12, 14 சாக்கெட் மட்டும் நல்லதாக வாங்கி வை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் சனிக்கிழமைதோறும் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்து ஒரு படம் அனுப்பு. குச்சியின் இரண்டு பக்கமும் தெரியவேண்டும்.

அன்புடன்,
அப்பா