மொரப்பூருக்கு இது முதல் பாதை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மொரப்பூர் - தருமபுரி அகலப்பாதை பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், இரு ஊர்களையும் ரயில் 'முதன்முறையாக' இணைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் மனதை உறுத்துகிறது. 1906இலேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயில் ஓடியது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941இல் மூடப்படும்வரை மொரப்பூர் ஒரு ஜங்ஷன். இது தாங்கள் அறியாததல்ல.

முன்பொரு முறை அதே பாதையை மீட்டர்கேஜ் என்று எழுதினீர்கள். திருத்தி எழுதிய என் கடிதம் வெளியாகவில்லை. மீட்டர்கேஜில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்; அதுவோ 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை, அதாவது 762 மி.மீ. மொரப்பூர் வழியாகச் செல்லும் சென்னை - சேலம் பாதையோ 1,676 மி.மீ. இந்த வித்தியாசத்தில்தான் அந்த ஜங்ஷனின் வாழ்வும் சாவும் இருந்தது. தருமபுரியிலிருந்து வந்த வேகன் பெரிய பாதையில் ஏறாது. ஒவ்வொரு மூட்டையையும் மொரப்பூரில் இறக்கி, வேறு வேகனில் ஏற்ற வேண்டும். கூலி இரண்டு மடங்கு, சாக்கு கிழியும், மழையென்றால் சரக்கு நனையும். மண்டி வாசலிலேயே ஏற்றிப் போகும் லாரி வந்தபின் அந்தப் பாதை எப்படி நிற்கும்?

தாது வருஷப் பஞ்சத்தின் (1876-78) பாடத்தால், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதை அது. இதே நோக்கில் 1905இல் திறந்த திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதையும் போய்விட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரத்துக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. இதைத் தங்கள் இதழ் எத்தனை முறை எழுதியிருக்கிறது, ஐயா?

புதிய பாதை 36 கி.மீ. தான். 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய தடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குறுகிய பாதைக்குப் பொருந்திய வளைவுகள் அகலப்பாதைக்கு ஆகாது, தருமபுரிப் பக்கம் வீடுகளும் வந்துவிட்டன. நிலம் எடுப்பதில்தான் தாமதம். அதுவரை தருமபுரிக்காரர் ரயிலில் சென்னை போக வேண்டுமானால் தெற்கே சேலம் போய், திரும்ப வடக்கே மொரப்பூரைக் கடந்துதான் போக வேண்டும். இல்லையென்றால் மொரப்பூர் வரை பஸ்.

அடுத்த இதழில் 'முதன்முறையாக' என்பதை 'மீண்டும்' என்று திருத்தி, 1906 என்ற ஆண்டையும் சேர்த்து இரண்டு வரி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்