கயலுக்கு, விசா கணக்கு பற்றி

அன்புள்ள கயல்,

பிரிட்டன் விசாவை நீட்டிக்கச் சேமிப்பாகக் காட்டப் பணம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். அனுப்பத் தடையில்லை. ஆனால் ஆண்டு வருமானம் குறைந்தது இவ்வளவு காட்ட வேண்டும் என்று நீ பயப்படும் அந்த 29,000 பவுண்டு உனக்கானதே இல்லை. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அந்த வரம்பு. நீ ஸ்பௌஸ் விசாவுக்கு (கணவரோடு அங்கே வாழ்வதற்கான விசா) விண்ணப்பித்தது 2023 டிசம்பரில். அதே கணவரோடு நீட்டிப்பதால் உனக்குப் பழைய 18,600தான். குட்டிப் பயல் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் அவனுக்கென்று கூடுதலாக எதுவும் காட்ட வேண்டாம்.

முதல் விசாவுக்கு மாப்பிள்ளை சம்பளத்தை மட்டும் பார்த்தார்கள். இப்போது நீ அங்கேயே முறையாக வேலை செய்வதால் உன் சம்பளமும் சேரும். அவர் படிப்பு முடிக்கும்வரை கணக்கு முழுக்க உன் தலையில்.

வாரம் 22 மணி நேரம், மணிக்கு 12.21 பவுண்டு. ஆண்டுக்குச் சுமார் 13,968. குறைவது 4,632. சேமிப்பைக் காட்டி இந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்கிறாய். அங்கேதான் சூட்சுமம்: சேமிப்பில் முதல் 16,000 பவுண்டைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் இருப்பதை இரண்டரையால் வகுத்துத்தான் வருமானத்தோடு சேர்ப்பார்கள். ஆகவே 4,632 குறைந்தால் வைத்திருக்க வேண்டியது சுமார் 27,580. வெறும் 400 பவுண்டு குறைந்தாலும் 17,000 வேண்டும். சின்னப் பள்ளத்துக்குச் சேமிப்பைத் தேடுவது வீண் செலவு.

அதைவிட வேலை நேரத்தைக் கூட்டுவது மேல். உனக்கு மணிக்கணக்குச் சம்பளம் என்பதால் ஆறு மாத மொத்தச் சம்பளத்தை, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையை, இரண்டால் பெருக்குவார்கள். அதாவது ஆறு மாதத்தில் 9,300 வந்தால் போதும். வாரம் 30 மணி நேரம் என்றால் 26 வாரத்தில் 9,523 வரும். பார்க்கப் போதும் போலிருக்கும். சம்பளமில்லாத விடுப்பு ஒரு வாரம் எடுத்தால் 9,157 ஆகிவிடும். 32 மணி நேரம் கேள். 10,158 வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் தாங்கும்.

அந்த ஆறு மாதமும் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும். நடுவில் மாறினால் வேறு விதி வந்துவிடும்: புதுச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது, கடந்த பன்னிரண்டு மாதத்தில் உண்மையாக ஈட்டிய மொத்தச் சம்பளமும் 18,600ஐத் தாண்டியிருக்க வேண்டும். சம்பளம் கூட என்று யார் கூப்பிட்டாலும் விசா கைக்கு வந்த பிறகு போ.

நேரம் கூட்டித் தர மறுத்துவிட்டால்தான் நம் பணம். அப்போதும் தேதிதான் முக்கியம். முழுத் தொகையும் உன் பேரிலோ மாப்பிள்ளை பேரிலோ, இருவர் பேரிலுமோ வங்கிக் கணக்கில் ஆறு மாதம் இருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் இருப்பு எந்த நாளில் மிகக் குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பக் கட்டணத்தையும் ஹெல்த் சர்சார்ஜையும் (அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம், ஆண்டுக்கு 1,035, இரண்டரை ஆண்டுக்கு 2,587.50) அந்தக் கணக்கிலிருந்து கட்டாதே, வேறு கணக்கில் வைத்துக்கொள்.

இங்கிருந்து அனுப்பும்போது ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே பிடிக்கும் முன்வரி) பிடிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அது திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை முடங்கிவிடும். நானும் அம்மாவும் தனித்தனி பான் எண்ணில், பாதி மார்ச்சிலும் பாதி ஏப்ரலிலுமாக அனுப்பினால் பிடிப்பு இராது. கடைசித் தவணை சேர்ந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் ஓடத் தொடங்கும். அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று கையெழுத்திட்டுக் கடிதம் தருகிறோம். உன் நகையை அடகு வைத்து எடுப்பது கடன். கடன் பணம் செல்லாது.

தொகை சரியாக இருந்தும் காகிதத்தில்தான் பலருக்கு அடி விழுகிறது. ஆறு மாத பேஸ்லிப், அதே ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட். பேஸ்லிப்பில் கைக்கு வரும் தொகையும் வங்கியில் ஏறிய தொகையும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாக வாங்காதே. வேலை கொடுத்தவர் கடிதத்தில் உன் மொத்தச் சம்பளம், எப்போதிலிருந்து வேலை, எவ்வளவு நாளாக இந்தச் சம்பளம், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற நான்கும் இருக்க வேண்டும். ஹெச்.ஆர். ஆட்கள் மூன்றாவதை மறந்துவிடுவார்கள். நீயே வரியை எழுதிக் கொடுத்துவிடு. கடைசி பேஸ்லிப்பும் ஸ்டேட்மெண்டும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்கட்டும்.

உன் விசா டிசம்பரில் முடிகிறது. அதற்கு முன் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை அங்கே இருக்கவும் வேலை செய்யவும் தடையில்லை. ஆனால் முடிவுக்கு முன் பிரிட்டனை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிடாதே, அம்மா ஏங்கினாலும் சரி.

32 மணி நேரத்துக்கு மேனேஜர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது. புது நேரத்தில் வரும் முதல் பேஸ்லிப்பை ஸ்கேன் செய்து அனுப்பு, வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா